நாலு நாட்டுக்கு ஒரு வாய்

அன்னமேரியின் எச்சில் விமானத்தில் போய்ச் சேர்ந்த மறுநாள், சக்குபள்ளத்து ஏலத்தோட்டத்தில் அவள் வாயில் வைத்த கப்பக்கிழங்கு சுட்ட மீனாக ருசித்தது. பக்கத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அவள் வாயை முகர்ந்து பார்த்து, மீன் கடல் மீன்தான், பழசும் இல்லை என்று சான்று சொன்னார்கள்.

வெற்றிலை பாக்குப் போடும் நாடுகளில் வாய்ப்புற்றுநோய் எதனால் வருகிறது என்று கண்டுபிடிக்க, நாலு நாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் அப்போது கூட்டுச் சேர்ந்திருந்தார்கள். கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டு விழுந்தவர்களிடம் எச்சில் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே குளிர்பெட்டியில் வைத்தார்கள். அன்னமேரிக்கு ஏலப்பூ அளவில் ஒரு திட்டு. “இது இன்னும் புற்று ஆகல, சேச்சி. பழக்கத்த விட்டா மாறலாம். விடலேன்னா ஆனாலும் ஆயிரும்” என்று நர்ஸ் ஜிஷா எச்சரித்திருந்தாள். பெட்டிக்குள் எச்சில்கள் தங்களுக்குள் என்ன பேசி முடித்தனவோ, தைவானில் லாரி ஓட்டும் ஒருவர், பப்புவா நியூகினியில் கிழங்கு விற்கும் ஒருத்தி, இலங்கையில் ஒரு தையற்காரர், நம் அன்னமேரி, இந்த நால்வருக்கும் வாய் ஒன்றாகிப்போனது. ஆராய்ச்சிக்காரர்கள் துளியும் அசரவில்லை. கேள்வித்தாளில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டுக்கொண்டார்கள்.

வருத்தம் அவள் புருஷன் மரியஜோசப்புக்கு மட்டும்தான்.

“நான் வச்ச கறி எப்படிட்டி இருக்கு?”

“தெரியலங்க. தைவான்காரரு நூடுல்ஸ் சாப்புட்டுக்கிட்டு இருக்காரு.”

“அந்தாளு எப்பத்தான் கை கழுவுவாரு?”

அன்னமேரி முதலில் புகையிலையை விட்டாள். பொட்டலத்தை ஓடையில் வீசியதில் ஆனைக்கரை வரைக்கும் மீன்கள் தும்மின. பாக்கை விடவில்லை. புகையிலைதான் பாவி, பாக்கு கல்யாணத் தட்டில் வைக்கிற சாமான், அது யாரை என்ன செய்யும் என்பது அவள் கட்சி. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வீடுகள் மொத்தமும் அந்தக் கட்சிதான். அதனால் தினமும் காலைத் தேநீர் வேளையில் ஒரு துண்டுப் பாக்கைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டாள். திட்டு மங்கவே இல்லை.

ஒருநாள் ஜிஷா மூச்சு வாங்க மேடேறி வந்தாள்.

“சேச்சி, தைவான் லாரிக்காரரு கேட்டு விட்டிருக்காரு. அவரு பாக்க விட்டு மாசக்கணக்காச்சாம். ஆனா தெனமும் மத்தியானச் சோத்துக்கு முன்னால வாய் செவக்குதாம். யாரு போடுறதுன்னு தெரியணுமாம்.”

அங்கே மத்தியானம் என்றால் இங்கே தேநீர் வேளை. அன்னமேரி வாயை இறுக்கி மூடிக்கொண்டு, மூக்கால் கேட்டாள்.

“அவரு பொகையில போடுவாரா?”

“ஜென்மத்துல தொட்டதில்ல. அங்க வெறும் பாக்குதான். ஆனா திட்டு உங்களதவிடப் பெருசு. அடுத்த மாசம் பாத்துட்டு, கொறையலேன்னா கன்னத்தோட வெட்டி எடுக்கணுமாம்.”

தன் கன்னம் மட்டும் என்றால் அன்னமேரி எப்படியும் சமாளித்திருப்பாள். முகமே தெரியாத ஒருவர் கன்னத்தைத் தன் கடைவாயில் அரைத்துக்கொண்டிருக்கிறோம் என்றதும் அவளுக்குக் காது வரை சுட்டது. வாயில் இருந்ததைத் துப்பினாள். மடியில் இருந்ததையும் எறிந்தாள்.

பாக்கை விட்ட தவிப்பு ஒருத்திக்கே வந்திருந்தால் ஆளைக் கிடத்தியிருக்கும். நாலு நாடும் பங்கு போட்டதால் தாங்க முடிந்தது. தேநீர் வேளையில் இலங்கைக்காரர் கிராம்பை மென்றார், பப்புவாக்காரி இஞ்சியைக் கடித்தாள். லாரிக்காரர் தன் மொழியில் வைத வசவு மட்டும் அன்னமேரி வாய் வழியே வெளியே வந்துவிட்டது. எதிரே நின்ற சூப்பர்வைசர் அதை ஜெபம் என்று நினைத்து ஆமென் சொன்னார். புகையிலை கொடியதுதான், ஆனால் அது இல்லாமலும் பாக்கு தனியாகவே வாயைக் கெடுக்கும் என்று நாலு நாட்டு ஆராய்ச்சிக்காரர்களும் சேர்ந்து எழுதினார்கள். லயத்துக் கட்சி அன்றோடு கலைந்தது. லாரிக்காரரின் கன்னம் கத்திக்குத் தப்பியது.

கிறிஸ்துமஸுக்குள் அன்னமேரியின் கன்னமும் தெளிந்தது. திட்டு இருந்தவரை காரம் பட்டாலே எரியும். இப்போது மரியஜோசப் ஆசையாகக் காந்தாரி மிளகாய்த் துவையல் அரைத்தார். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே ஜிஷாவுக்குப் போன் போட்டாள்.

“எல்லாருட்டயும் சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன் சேச்சி. இலங்கைக்காரரு சந்தோசமாச் சாப்பிடச் சொன்னாரு. பப்புவாக்காரி தண்ணியோட உக்காந்துட்டா. லாரிக்காரரு வளைவுல இருக்காராம், கொஞ்சம் பொறுக்கச் சொன்னாரு.”

அன்னமேரி உருண்டையைக் கையில் பிடித்தபடி, லாரி ஓரமாக நிற்கட்டும் என்று காத்திருந்தாள்.