துணிக்கடைக்காரி

அந்த வகுப்புக்குக் காரணம் ஒரு புகார். பெண்கள் வார்டில் படுத்திருந்த ஒருவரின் மகன், "உங்கள் நர்சுகள் ஊசி நன்றாகப் போடுகிறார்கள், பேசத்தான் தெரியவில்லை" என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டார். அடுத்த வாரமே, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வார்டில் இரண்டு பேரை விட்டுவிட்டு மற்றவர்கள் எல்லோரும் மாடிக் கூடத்துக்கு வரவேண்டும் என்று உத்தரவு வந்தது. நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுக்க வெளியிலிருந்து ஒரு பெண் பயிற்சியாளர் வந்திருந்தார்.

கூடத்தில் ஒரு மின்விசிறிதான் ஓடியது. அதன் அடியிலிருந்த நாற்காலிகள் முதலில் நிரம்பின. பயிற்சியாளர் பலகையில் மூன்று வாக்கியங்களை எழுதி, அவற்றின் மேல் குறுக்கே கோடு இழுத்தார். பயப்படாதீங்க. ஒண்ணும் ஆகாது. எல்லாம் சரியாயிடும்.

"இதெல்லாம் அவங்க வாயை அடைக்க நாம சொல்றது," என்றார். "இதுல ஆறுதல் நமக்குத்தான். அவங்களுக்கு இல்ல."

"அப்போ நம்ம ரேடியோ நாளையிலிருந்து ஊமை," என்று பின்வரிசையில் ஒருத்தி சொன்னாள். கூடம் சிரித்தது.

ரேடியோவும் சேர்ந்து சிரித்தாள். அவள் பெண்கள் வார்டு நர்ஸ். கட்டு மாற்றும்போது பேசுவாள், குழாய் செருகும்போது பேசுவாள், படுக்கை விரிப்பை உதறும்போதும் பேசுவாள். அந்தப் பேச்சில் முக்கால்வாசி "ஒண்ணும் ஆகாது"தான். அதைக் கேட்பதற்காகவே அவள் ஷிப்டுக்குக் காத்திருக்கும் நோயாளிகள் உண்டு.

இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும், ஒருவர் நோயாளி, ஒருவர் நர்ஸ் என்றார் பயிற்சியாளர். நோயாளியாக இருப்பவர் தன் நோயைத் தானே கற்பனை செய்துகொள்ளலாம். மணி அடித்ததும் இருவரும் இடம் மாற வேண்டும். முதல் ஜோடி எல்லோர் முன்னாலும் செய்து காட்டட்டும் என்று ரேடியோவைக் கூப்பிட்டார். அவளுக்குப் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தவரையும் கூப்பிட்டார். அவர்தான் வார்டின் தலைமை நர்ஸ். பார்வையாளர் நேரம் முடிந்ததும் வாசலில் வந்து நிற்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். வார்டு காலியாகிவிடும். அதனால் அவருக்குப் பெயர் கர்ஃப்யூ. அது அவருக்கும் தெரியும்.

"சிஸ்டரா நோயாளி? பாவம் அந்த நோய்," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

கர்ஃப்யூ நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார். யோசிக்கவே இல்லை.

"நான் துணிக்கடை வச்சிருக்கேன்," என்றார். "மார்ல ஒரு கட்டி. இடது பக்கம். குளிக்கும்போது கையில தட்டுப்பட்டுச்சு. வலி இல்ல. அதான் விட்டுட்டேன்."

அவர் ரேடியோவிடம் இதுவரை இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

"அவங்க சொன்னதையே திருப்பிச் சொல்லுங்க," என்று பயிற்சியாளர் ரேடியோவுக்கு எடுத்துக்கொடுத்தார்.

"வலி இல்லாததால விட்டுட்டீங்க."

"அப்புறம் ஊசி விட்டு டெஸ்ட் எடுத்தாங்க. கெட்ட கட்டின்னு வந்துச்சு. உடனே ஆபரேஷன்னு சொன்னாங்க. நான் போகல. கடையை விட்டுட்டு எப்படிப் போறது? நான் லீவு போட்டா மதிய ஷிப்டை யார் பாப்பா?"

கூடம் வெடித்துச் சிரித்தது. "துணிக்கடைக்கு ஷிப்டா சிஸ்டர்?" "பெரிய கடை போல."

வழக்கமாக இருந்தால் கர்ஃப்யூ ஒரு பார்வை பார்த்திருப்பார், சிரிப்பு நின்றிருக்கும். இன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டெஸ்ட் எடுத்ததிலிருந்து இடது கையைத் தூக்கினா இழுக்குது. கனமா எதையும் தூக்கறதில்ல. கூட வேலை பாக்கறவ ஒருத்தி அதைப் பாத்துட்டு, 'என்ன, வயசாயிடுச்சா? பென்ஷனுக்கு எழுதிப் போடவா?'ன்னு கேட்டா."

அதைக் கேட்டது ரேடியோதான்.

மூலைக் கட்டிலில் இருக்கும் அம்மாளுக்குப் படுக்கைப் புண் வராமலிருக்கத் தினமும் இரண்டு பேர் பிடித்துத் திருப்ப வேண்டும். தோள் பக்கம்தான் பாரம். அந்தப் பக்கத்தைக் கர்ஃப்யூ யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். ஒரு நாள் எதுவும் சொல்லாமல் கால் பக்கம் போய் நின்றார். அப்போது அந்த வார்த்தைகளையே சொல்லி ரேடியோ கேலி செய்தாள். அந்த அம்மாளும் சிரித்தாள். கர்ஃப்யூ போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டார்.

"நல்லா இருக்கு," என்றார் பயிற்சியாளர். "பாருங்க, எவ்வளவு அமைதியா கேட்டுக்கறாங்க. அமைதியும் ஒரு பதில்தான்."

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதற்கு அமைதி என்று பெயரா என்று ரேடியோ நினைத்தாள். இது நிஜமா சிஸ்டர் என்று கேட்கத் துடித்தது வாய். கேட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. இத்தனை பேர் நடுவே கர்ஃப்யூ எழுந்து நிற்பார். நடிக்கச் சொன்னாங்க, நடிச்சேன் என்பார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது. கட்டி உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். துணிக்கடைக்காரியிடம்தான் பேசியாக வேண்டும். அதுவும் மணி அடிப்பதற்குள்.

"வீட்ல யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள்.

"யாருக்கும் தெரியாது. மகளுக்கு எட்டாம் மாசம், வெளியூர்ல இருக்கா. பிரசவம் ஆகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருக்கேன்."

கர்ஃப்யூவுக்கு ஒரு மகள் உண்டு என்பதே கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது.

"எவ்வளவு நாளா தள்ளிப் போடறீங்க?"

"ரெண்டு மாசம்."

இரண்டு மாதத்தில் என்னவெல்லாம் ஆகும் என்பதை ரேடியோ தன் வார்டிலேயே பார்த்தவள். அதை மறைக்க அவளுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். "ஒண்ணும்..." என்று தொடங்கினாள்.

கர்ஃப்யூ வலது கையை உயர்த்தித் தடுத்தார்.

"அதை மட்டும் சொல்லாதீங்க. எனக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸ் இருக்கா. நடந்து வீட்டுக்குப் போறவங்ககிட்டயும் அதைத்தான் சொல்வா, போகாதவங்ககிட்டயும் அதைத்தான் சொல்வா. ஒரே குரல். கேட்டுக் கேட்டு, அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பயம் வந்துடுது."

கூடம் கைதட்டியது. பயிற்சியாளரும் தட்டினார். "இப்படித்தான் செய்யணும். நோயாளியாவே மாறிட்டாங்க," என்று சொல்லி மணியை அடித்தார். "இப்போ மாறிக்கோங்க."

ரேடியோ எழுந்தாள். மறுபக்கம் போய் உட்கார்ந்தாள்.

"நீங்க என்ன நோய் வச்சுக்கறீங்க?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

"வாய்ப்புண்ணுன்னு வச்சுக்கடி, எங்களுக்கும் நிம்மதி," என்றது பின்வரிசை.

ரேடியோ கர்ஃப்யூவைப் பார்த்துச் சொன்னாள். "நான் துணிக்கடை வச்சிருக்கேன்."

"ஏய், காப்பி அடிக்கிறா."

"மார்ல கட்டி. டெஸ்ட் எடுத்து ரெண்டு மாசம் ஆச்சு. ஆபரேஷனுக்குப் போகல."

கர்ஃப்யூவின் முகத்தில் எதுவும் அசையவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் மெல்ல ஓய்ந்தார்கள்.

"ஏன் போகல?" என்றார் கர்ஃப்யூ.

"ஏன்னு கேக்காதீங்க, குத்தம் சொல்ற மாதிரி இருக்கும்," என்றார் பயிற்சியாளர். கர்ஃப்யூவின் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

"பயமா இருக்கு," என்றாள் ரேடியோ. அதற்கு அவள் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

"பயமாத்தான் இருக்கும். பயந்துகிட்டே வாங்க. பயப்படாம யாரு இங்க வர்றா?" வார்டில் கேட்கும் அதே குரல்தான். "இதுக்கு மேல தள்ளக் கூடாது. நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வாங்க, ரத்தம் எடுக்கணும். கூட ஒரு ஆள் வரணும்."

"கூட வர எனக்கு யாரும் இல்லையே."

"இருக்கா," என்றார் கர்ஃப்யூ. "வாயை மூடிக்கிட்டு வருவாளான்னுதான் தெரியல."

கூடம் மறுபடி சிரித்தது. அடுத்த ஜோடி எழுந்து வந்தது. அதற்குப் பிறகு வகுப்பில் யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் ரேடியோவால் சொல்ல முடியாது.

படிக்கட்டில் அவள் கர்ஃப்யூவுக்குப் பின்னால் இறங்கினாள். கீழ்த் தளம் வருவதற்குள் கேட்டாள். "டெஸ்ட் எடுத்த இடத்துலயும் துணிக்கடைன்னுதான் சொன்னீங்களா?"

"நர்ஸ்னு சொன்னா ஒரு மணி நேரத்துல சேதி இங்க வந்துடும். உங்களை எல்லாம் எனக்குத் தெரியாதா?" கர்ஃப்யூ திரும்பவில்லை. "காலையில ஏழு மணி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கே, அந்த ஆஸ்பத்திரி. நீ லேட்டா வந்தா நான் திரும்பிப் போயிடுவேன். நிஜமாவே போயிடுவேன்."

"ஆறரைக்கே வந்துடறேன் சிஸ்டர். மகளுக்கு?"

"நாளைக்கு நானே பேசறேன். எனக்குப் பேச வரலன்னா நீ போனை வாங்கிப் பேசு. ஒண்ணும் ஆகாதுன்னு மட்டும் சொல்லிடாத."

வார்டில் மூலைக் கட்டிலைத் திருப்பும் நேரம் வந்திருந்தது. ரேடியோ நேராகத் தோள் பக்கம் போனாள். கர்ஃப்யூ கால் பக்கம் நின்றார்.

"என்னம்மா, இன்னிக்கு ரேடியோ பாடவே இல்ல?" என்று கட்டிலில் இருந்த அம்மாள் கேட்டாள்.

"ரிப்பேர்," என்றார் கர்ஃப்யூ.

மூன்று எண்ணித் தூக்கினார்கள். கர்ஃப்யூவின் வலது கைதான் தூக்கியது. இடது கை விரிப்பின் ஓரத்தைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு மாதமாகத் தினமும் ரேடியோவின் கண்ணெதிரே அந்தக் கை அப்படித்தான் இருந்திருக்கிறது. ரேடியோ அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தலையணையைச் சரிசெய்ய மறந்துபோனாள்.