கிணற்றடித் தெருவின் பிசுக்கு

பெங் சூயிங்கின் கணவர் இறந்த வருடம், மழைக்காலம் தொடங்கியதும், கிணற்றடித் தெருவின் எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் அவளுடைய வாணலிக்கு வந்து சேர ஆரம்பித்தது. விடிந்ததும் பார்த்தால் மற்ற வீட்டுச் சட்டிகள் துடைத்து வைத்தாற்போல் இருக்கும்; இவளுடையதில் தெருவே பொரித்த பன்றிக் கொழுப்பு விளிம்புவரை உறைந்திருக்கும். கடையில் வாங்கிய சோப்புத் திரவத்துக்கு அது அசையவே இல்லை. அரிசி கழுநீரைச் சுடவைத்து ஊற்றினால் இளகியது, நூடுல்ஸ் வெந்த தண்ணீருக்குக் கரைந்தது, அடியில் பிடித்ததைத் தேயிலை விதைப் புண்ணாக்குத் தூள் போட்டுப் காய்ந்த பீர்க்கங்காய் நாரால் தேய்க்க வேண்டியிருந்தது. அதற்குள் மதியமாகிவிடும்.

முதலில் தெருக்காரர்கள் கூச்சப்பட்டார்கள். சும்மா இருக்கக் கூடாதே என்று ஆளுக்கொரு தட்டில் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார்கள், எல்லாம் பொரித்தது. மறுநாள் அந்தப் பிசுக்கும் வந்தது. பிறகு கூச்சம் விட்டுப்போயிற்று. சட்டி கழுவுகிற வேலைதான் இல்லையே என்று மூன்று வேளையும் பொரித்தார்கள். எதிர்வீட்டு லாய் வறுவல் கடையே போட்டுவிட்டார். சூயிங் ஒருமுறை காய்ச்சலில் படுத்தபோது பிசுக்கு வாசல் தாண்டி வழிந்து, தபால்காரர் ஸ்கூட்டரோடு சறுக்கிக் காலை முறித்துக்கொண்டார். அதிலிருந்து அவள் வெளியூர் என்று வாயெடுத்தாலே தெருவே வாசலில் வந்து நின்றது. இப்படியே அவளுக்குத் தலை நரைத்தது.

தைச்சுங் நகரத்தில் மகள் யாவெனுக்குப் பிள்ளை பிறந்தது. பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் தண்ணீரில் கை வைக்கக் கூடாது. நல்லெண்ணெயும் இஞ்சியும் போட்டுக் கோழி சமைத்துத் தர அம்மா போய்த்தான் ஆக வேண்டும். சூயிங் பையைத் தூக்கினாள்.

“அக்கா, நீங்க போயிட்டா எங்க கதி என்னாகுறது?” என்று லாய் வாசலில் வழிமறித்தார்.

“ஒரு மாசம் அவிச்சுத் தின்னுங்க.”

“அவிச்ச பன்னியை என் கடையில எவன் வாங்குவான்?”

“அப்ப நீங்களே தின்னுங்க” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

பிசுக்கும் பின்னாலேயே வந்தது. ஆறாவது மாடியில், முதல் நாள் விடியலிலேயே மகளின் சின்னச் சட்டி நிறைந்திருந்தது. லாய் கடை மசாலா வாசனையே காட்டிக்கொடுத்தது. சூயிங் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

“அம்மா, நான் வேணா கழுவட்டுமா?” என்றாள் யாவென், படுக்கையிலிருந்தே.

“பச்ச உடம்புக்காரி தண்ணியில கைய வெச்சுப் பாரு, தெரியும் சேதி.”

தினமும் அவளே கழுவினாள். களைப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். தனக்குப் பின்னால் இது மகள் கைக்குத்தானே வரும் என்ற நினைப்புதான் அவளைத் தின்றது.

மாதம் முடியும் முன் ஒரு காலை, சட்டி காய்ந்து கிடந்தது. மகள் கழுவிவிட்டாளோ என்று பதறிப்போய் அவள் கைகளைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமில்லை, பிள்ளையை அணைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் கேட்டது: “என்னங்க, இது யார் வீட்டு எண்ணெய்? நேத்து நான் ஒரு முட்டைகூடப் பொரிக்கலையே.”

சூயிங் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாவம், சின்னப் பெண் என்று நினைத்தாள். என் பெண் இல்லை என்றும் நினைத்தாள். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய் மணியை அடித்தாள்.

“சோப்பு போடாத கண்ணு, அது கேக்காது. அரிசி களைஞ்ச முதல் தண்ணிய கீழ கொட்டிடு. ரெண்டாவதைச் சுடவெச்சு ஊத்து.”

தலைகூட வாராத அந்தப் பெண் எதையும் சந்தேகப்படாமல் கேட்டுக்கொண்டாள். “எத்தன நாளைக்கும்மா இது?”

“பழகிடும்” என்றாள் சூயிங்.

வந்து படுத்தவள் மதியம்வரை தூங்கினாள்.