பஸ் யாருக்கு நிற்கும்?

எலாடியா பதினோரு வருஷமாகப் பசிலியா அம்மாளின் சீப்பாவை விற்று வந்தாள். மரவள்ளி மாவில் பாலாடைக்கட்டி போட்டுப் பிசைந்து சுடுகிற வளைய ரொட்டி அது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அசுன்சியோன் போகிற பஸ்ஸில் ஏறுவாள். விற்றுக்கொண்டே போய் அடுத்த ஊரில் இறங்கி, எதிரே வருகிற பஸ்ஸில் திரும்புவாள். பசிலியா அம்மாள் கொடுத்த சிவப்புப் பாவாடை, சிவப்புத் தொப்பி. ஓட்டுநருக்கு ஒரு சீப்பா சும்மா. அது எங்கும் எழுதி வைக்காத சட்டம்.

அவள் சொந்தமாகச் சுட்டு விற்கட்டும் என்று புருஷன் சிரிலோ கொல்லையில் மண் அடுப்பு கட்டி ஒரு வருஷம் ஆயிற்று. அதில் கோழி முட்டையிட்டுக் கொண்டிருந்தது.

"உன் கை ருசிய ஊரே சொல்லுது. அப்புறம் என்னடி பயம்?"

"ருசி இருக்கட்டும்யா. பஸ் நிக்குமா? அதச் சொல்லு."

"பதினோரு வருஷமா நிக்கிறவன் நாளைக்கு நிக்க மாட்டானா?"

"எனக்கு நிக்கிறானா, பாவாடைக்கு நிக்கிறானா?"

"பாவாடைக்குத்தான்னா சொல்லு, நானும் ஒண்ணு கட்டிக்கிறேன்."

அவள் சிரிக்கவில்லை. கையில் தொழில் இருந்தது, கொல்லையில் அடுப்பு இருந்தது, வீட்டில் தடை சொல்ல ஆளில்லை. அவளைப் பிடித்து வைத்திருந்தது இந்த ஒரு கேள்விதான், பாருங்கள்.

விடுமுறை நாளில் கோழியை விரட்டிவிட்டு நாற்பது சீப்பா சுட்டாள். வீட்டில் போடுகிற பூப்போட்ட கவுனோடு போய்ச் சாலையோரம் நின்றாள். முதல் பஸ் வேகம் குறையாமல் போயிற்று. இரண்டாவது ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. மூன்றாவதை ஓட்டி வந்தவர் பொர்ஃபிரியோ. அவள் கையால் வாங்கித் தின்னாத நாளே அவருக்குக் கிடையாது. அவரும் அவளைத் தாண்டிப் போய்விட்டார்.

ஐம்பதடி தள்ளி யாரையோ இறக்கிவிட அந்த பஸ் நின்றது. கூடையைப் பிடித்தபடி ஓடிப்போய்ப் படியில் கால் வைத்தாள்.

"கூடையெல்லாம் ஏத்தக் கூடாதும்மா. இறங்கு, இறங்கு."

"பொர்ஃபிரியோ அண்ணே, நான்தான்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவையோ என்னவோ.

"அட, நம்ம சிவப்பு! தொப்பி எங்க?"

"தொப்பி அவங்களோடது. இது என்னோடது." ஒன்றை எடுத்து நீட்டினாள்.

அவர் கடித்தார். பின்னாலிருந்து ஒரு கிழவர் கத்தினார்: "வண்டிய எடுய்யா! தின்னுட்டுத்தான் போவியா?"

"இருங்க பெரியவரே, வாய் வெந்துபோச்சு. நீங்களும் ஒண்ணு வாங்குங்க, கோவம் அடங்கும்." மீதியையும் வாயில் போட்டுக்கொண்டார். "ஆமா, உம் பேரு என்ன?"

"எலாடியா."

"எலாடியா, நாளைக்கு என்ன கலர்ல நிப்ப? தூரத்துலயே தெரிஞ்சாத்தான் பிரேக்குல கால் போகும்."

நாளையைப் பற்றி அவள் யோசித்தே வரவில்லை.

"மஞ்சள்," என்றாள், வாயில் வந்ததை.

சொல்லி முடித்த பிறகுதான், சாயங்காலமே பசிலியா அம்மாளைப் போய்ப் பார்த்து வேலையை விடுவதாகச் சொல்லியாக வேண்டும் என்பது உறைத்தது. அதற்குள் கிழவர் இரண்டு வேண்டுமென்று கை நீட்டிக் கொண்டிருந்தார்.