கொண்டை அறுத்த நூற்றிருபது துடைப்பம்

நாலாயிரத்து எண்ணூற்று இருபது ரூபாய். கம்பியும் நூலும் வாங்கின வகையில் கடைக்காரருக்கு நாங்கள் வைத்த பாக்கி. நூற்றிருபது துடைப்பம் கட்டிக் கொடுத்துக் கழிப்பதாகப் பேச்சு. ஒன்று நாற்பத்தைந்து. பாக்கி போக ஐந்நூற்று எண்பது கைக்கு வரும் என்று வீட்டுக்காரர் அதற்குள் செலவுக் கணக்குப் போட்டுவிட்டார்.

புல்லைச் சீவுவது அவர். கம்பியால் கழுத்தை இறுக்குவது நான். கைப்பிடி முனையில் சிவப்பு, மஞ்சள் நூலை முறுக்கிக் கொண்டை போடுவது நாத்தனார். அவள் அம்மா கைவழியாக வந்த கொண்டை அது. அதைப் பார்த்தே வாங்குகிறவர்கள் உண்டு.

தண்டு ஒடியாமல் இருக்க நனைத்து, ஒரு நாள் ஆறப்போட்டுத்தான் இறுக்க வேண்டும். கெடு நெருங்கின அவசரத்தில் நான் ஈரத்தோடு இறுக்கிவிட்டேன். ஈரத் தண்டு உப்பியிருக்கும். காய்ந்தால் மெலியும். கழுத்து இளகிப் புல் உதிரும்.

யாரிடமும் சொல்லவில்லை. சரக்கு கடைக்குப் போய் மூன்று நாள் ஆனது. நாலாம் நாள் நூல் வாங்கும் சாக்கில் போனேன். பின்னறையில் அடுக்கியிருந்தது. ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினேன். ஆடியது. அடுத்ததும் ஆடியது.

“என்னம்மா, கட்டிக்கொடுத்த பொண்ணைப் பார்க்க வந்த மாதிரி தடவுறே? நாளைக்குப் பிரிச்சுப் பார்த்து கணக்கை முடிச்சிடலாம்” என்றார் கடைக்காரர்.

“சும்மாதான் அண்ணே.”

இதற்கு ஒரே வைத்தியம், கழுத்து மறுபடி இறுக, கைப்பிடி முனை வழியாக மூங்கில் ஆப்பு அடிப்பது. அதற்குக் கொண்டையை அறுக்க வேண்டும். நாத்தனாரின் பத்து நாள் வேலை. எப்படிச் சொல்வது என்று பொழுது சாயும்வரை வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன். கடைசியில் அவளிடம் சொன்னேன்.

“ஏன் அண்ணி, ஈரம்னு உங்க கைக்குத் தெரியலையா?”

“தெரிஞ்சேதான் கட்டினேன்.”

“நல்லவேளை. தெரியலைன்னு சொல்லியிருந்தா அடிச்சிருப்பேன்.” அவள் மூங்கிலைப் பிளக்க உட்கார்ந்தாள்.

விடிந்ததும் கடைக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னோம்.

“எனக்கு ஆப்பு வெச்சிட்டு இப்ப தொடப்பத்துக்கு வேறயா? கொண்டை இல்லேன்னா நாப்பதுதான்.”

முதல் கொண்டையை நாத்தனாரே அறுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. மத்தியானம்வரை ஆப்பு அடித்தோம்.

“அந்த ஐந்நூத்தி எண்பது போனதை அண்ணன்கிட்ட நீங்களே சொல்லுங்க” என்றாள், சுத்தியலைக் கீழே வைக்காமல்.

கடைக்காரர் கூட்டிப் பார்த்தார். நாலாயிரத்து எண்ணூறு. பாக்கிக்கு இருபது குறைந்தது.

“அந்த இருபதுக்கு இந்தக் குப்பையைப் பெருக்கிட்டுப் போங்க. உங்க தொடப்பத்தாலேயே. நான் பார்க்கணும்.”

ஒன்றை உருவி எடுத்தேன். நூலும் மூங்கில் சிம்புமாகக் கிடந்த தரையைச் சுவரிலிருந்து வாசல்வரை பெருக்கினேன். அவர் குனிந்து குப்பையைக் கிளறினார். சிவப்பு, மஞ்சள், சிம்பு. புல் ஒன்றுகூட இல்லை.

கணக்கு நோட்டை எடுத்து எங்கள் பாக்கி இருந்த பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். நாத்தனார் குப்பையில் கிடந்த நூலைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள்.