முதலில் வாயைத் திறப்பவன்

...முதலில் வாயைத் திறப்பவன் தோற்றான், அவ்வளவுதான், இது தெரியாமலா பரசுராமன் இத்தனை வருஷம் கம்பி ஆலைத் தொழிலாளர்களுக்காக நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்றான், மனநல ஆலோசகராம், நேற்று முளைத்தவள், தமிழ்செல்வி என்று பெயர், நடுவில் மேசைகூடப் போடாமல் எதிரே உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிறாள், பார்க்கட்டும்... முதலாளியும் இப்படித்தான் பார்ப்பார், டீ வரும், பிஸ்கட் வரும், உங்க கஷ்டம் புரியுது பரசுராமன் என்பார், புரிகிறவர் எதற்குப் போனஸில் கை வைத்தார்? இவளும் போன வாரம் அதையே சொன்னாள், புரியுது சார் என்று. இன்னா புரிஞ்சுது உனக்கு என்று கேட்க நாக்கு துடித்தது, கேட்டால் அதுவும் பேச்சாகிவிடுமே என்று அடக்கிக்கொண்டான்.

"தூக்கம் எப்டி சார் இருக்கு?" என்றாள். "இருக்கு" என்றான். சொன்னது தப்பு, நுணலும் தன் வாயால் கெடும், இனி ஒரு வார்த்தை கிடையாது... கீழே புதுவாயல் கூட்டுரோட்டில் லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடிக்கிறான், போனஸ் ஒப்பந்தம் கையெழுத்தான அன்று ஆலை வாசலில் வெடித்த பட்டாசும் இப்படித்தான் காதைப் பிளந்தது, அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள், கேட்டதெல்லாம் கிடைத்த நாள், அன்று வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான், ஏன்? எந்தக் குறையும் இல்லையே... அப்புறம் குளிக்கப் பிடிக்கவில்லை, வேலைக்குப் போகப் பிடிக்கவில்லை, தண்டவாளத்தோரம் நின்றவனைக் கோவிந்தம்மா சட்டையைப் பிடித்து இழுத்து வந்தாள், காத்து வாங்கப் போனேன் என்றான், பெண்டாட்டி நம்பவில்லை, அவனும்தான் நம்பவில்லை. "அங்க போய் வாயத் தொறந்து பேசு. இல்லன்னா புள்ளைய கூட்டிக்கினு பள்ளிப்பட்டுல எங்கம்மா வூட்டுக்கே போயிடுவேன்" என்றாள். மிரட்டல்! ஒரு மிரட்டலுக்குப் பணிந்தால் அடுத்தது வரிசையில் நிற்கும், அது அவனுக்குத் தெரியாதா... ஆனால் அவள் அழவில்லையே, அழாமல் சொல்கிறவள் செய்துவிடுவாள், அதுதான் பயம். ஆமாம், பயம்தான், அதைப் போய் இவளிடமா சொல்வான்?

"சிலருக்கு ஒருத்தர நம்பவே நாளாகும் சார். உங்க சுபாவம் அப்டி. அது தப்பில்ல." சுபாவமாம்! அதற்குச் சான்றிதழ் கொடுக்க இவள் யார், யாரையும் நம்பாத அந்தச் சுபாவம்தான் நிர்வாகம் வெளியே தள்ளிய ஆட்களை மறுபடி ஆலை கேட்டுக்குள் கொண்டுவந்து விட்டது, நம்பியிருந்தால் நடுத்தெருவில் நின்றிருப்பார்கள்... கோபப்பட்டுத் தொலையேன், ஒரு வார்த்தை எகிறிப் பேசேன், சண்டை என்றால் அவனுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி, இவள் அதற்கும் பிடி கொடுக்கமாட்டேன் என்கிறாள், என்ன ஜென்மமோ... கடைசியில் எழுந்து, "இன்னிக்கு இவ்ளோதான் சார், அடுத்த வாரம் வாங்க" என்றாள். அவள் விடாக்கண்டன் என்றால் இவன் கொடாக்கண்டன், ஜெயித்தாயிற்று. மனசு ஒரு துள்ளு துள்ளியது, உடனே அடங்கியும் போனது.

படி இறங்கியதும் கோவிந்தம்மா, மருந்துக்கடை வாசலில், முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு. "பேசுனியா?" "ஊம்." "இன்னா பேசுன?" ஏதாவது சொல்லிவைக்கலாம், எதைச் சொல்வது... "பொய் சொல்லாதய்யா" என்றாள், கத்தவில்லை, கத்தியிருந்தால் தப்பித்திருப்பான். "அந்தம்மாகிட்ட பேச வாணாம். என்கிட்ட சொல்லு. உனுக்கு இன்னாதான் வோணும்?" இதற்குப் பதில் கையில் இல்லாமல் அவன் எந்தப் பேச்சுவார்த்தைக்கும் போனதில்லை, கோரிக்கை முதலில், பேச்சு அப்புறம், ஊருக்கே பாடம் எடுத்தவன்... சொல்லித் தொலைத்துவிடலாம், இவள் போய்விடக்கூடாது, தோற்றாலும் பரவாயில்லை, இவளிடம்தானே... வாயைத் திறந்தான். தொண்டைக்குள் தேடினான், நெஞ்சுக்குள் தேடினான், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு தேடினான்.

"தெர்லம்மே" என்றான்.

லாரிச் சத்தத்தில் அவள் காதில் விழுந்ததோ இல்லையோ. இத்தனை வாரமும் அந்த ஆலோசகரிடம் எதையோ மறைக்கிறோம் என்றல்லவா நினைத்திருந்தான்.