பல்லக்காவின் சத்தம் போய்ச் சேர்ந்த இடம்

பல்லக்கா தன் சாக்ஸபோனில் ஊதிய சத்தம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் அவள் வீட்டில் கேட்கவில்லை. நகரத்தின் மறுகோடியில், ஒரு மெத்தைக் கிடங்கில் கேட்டது. அந்த வாரம் பிரதான தண்ணீர்க் குழாய் வெடித்துப் பல தெருக்களில் வாளியும் கையுமாக ஜனங்கள் அலைந்துகொண்டிருந்ததால் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. பிறகும் அதிகம் பேசவில்லை. ஒரு வீட்டில் சத்தம் நின்றால் அக்கம்பக்கத்தார் ஏன் என்று கேட்கும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை.

அவளுக்குப் பல்லக்கா என்று பெயர் வந்தது தொழிலால். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளுக்கு மெழுகில் ஈறு வடித்து, பல் பதித்து, உரசி, மெருகேற்றி அனுப்பும் கூடத்தில் அவள் வேலை பார்த்தாள். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவர் கொட்டாவி விட்டால், அது தன் கைவேலையா என்று எட்டிப் பார்ப்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நகக்கண்ணில் இருக்கும் அச்சு மாவைக் கழுவிவிட்டு சாக்ஸபோனை எடுப்பாள். அவள் வாசித்தது ஜாஸ். அதிலும், மெட்டுக்கும் தாளத்துக்கும் முன்கூட்டியே எந்த ஒப்பந்தமும் செய்துகொள்ளாத ஜாஸ். நாலு பேர் ஒரே நேரத்தில் நாலு வேறு விஷயத்துக்குச் சண்டை போட்டு, நடுவில் நாலு பேரும் ஒரே சமயத்தில் அழுதுவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும். புத்தகக் கடை ஒன்றின் நிலவறையில் மாதம் ஒருமுறை கச்சேரி. வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒரு விரல் அவள் புருஷன். அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். பாட்டைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று யாரிடமும் ஒளிவுமறைவில்லாமல் சொல்வார். ஆனாலும் ஒரு கச்சேரி தவறியதில்லை. முன்வரிசையில், பல் பிடுங்க வந்தவர் மாதிரி நாற்காலிக் கைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திரும்பும் வழியில், "நல்லா இருந்துச்சும்மா. எங்க முடியும்னுதான் தெரியல, கொஞ்சம் பயமா இருந்துச்சு" என்பார்.

சத்தம் போன அன்று, சாக்ஸபோனில் ஏதோ அடைப்பு என்றுதான் அவள் நினைத்தாள். ஊதினால் காற்றுப் போகிறது, கட்டைகள் எழுந்து விழுகின்றன, சத்தம் மட்டும் இல்லை. வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனால், அவர் ஊதியதும் அது கணீரென்று பேசியது. அவள் வாங்கி ஊதினாள், காற்று. அவர் சங்கடத்தோடு வேறு பக்கம் பார்த்தார். டாக்டர் நுரையீரலைத் தட்டிப் பார்த்து, இதை வைத்துக்கொண்டு இன்னும் ரெண்டு பேர் பிழைக்கலாம் என்றார். நிலவறைக் கச்சேரிகள் நின்றன. ஆனால் அவள் ஊதுவதை நிறுத்தவில்லை. பழகிய விரல்கள் சும்மா இருக்குமா? சாயங்காலமானால் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, சத்தமில்லாமல், வியர்க்க வியர்க்க ஊதுவாள். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். வருஷக்கணக்காகப் புகார் சொல்லிவந்த கீழ்வீட்டு அம்மாள் முதலில் நிம்மதியாகத் தூங்கினார். பிறகு ஒருநாள் மேலே ஏறி வந்து, கதவருகிலேயே நின்று, "உடம்புக்கு ஒண்ணுமில்லையே? இல்ல, என்னைத் திட்டணும்னா நேராத் திட்டிடு தாயி. இப்படிப் பேசாம இருந்தா எனக்கு என்னமோ பண்ணுது" என்றார். அவர் போனபிறகுதான் பல்லக்கா முதல்முறை அழுதாள்.

மெத்தைக் கிடங்கு இடி என்கிறவருக்குச் சொந்தம். முன்பக்கம் அவர் மனைவி கடையைக் கவனித்துக்கொள்வார். பின்பக்கம் கூரைவரை அடுக்கிய மெத்தைகளுக்கு நடுவே இடி கிட்டார் வாசிப்பார். ஹார்ட் ராக். இளவயதில் ஆரம்பித்த பேண்ட் அது. மற்றவர்களெல்லாம் வழுக்கையும் பேரப்பிள்ளையுமாகப் பிரிந்துபோய், மனைவியின் தம்பி ஒருவன்தான் டிரம்ஸோடு மிச்சம். அவனை எல்லாரும் மச்சான் என்றே கூப்பிட்டார்கள். மெத்தை, சத்தத்தைக் குடித்துவிடும். அதனால் எவ்வளவு பலமாக வாசித்தாலும் தெருவில் கேட்காது. இடிக்குத் தோளைத் தாண்டிய நரைமுடி, கதவை அடைக்கும் உடம்பு. யார் பேசினாலும் வாயையே முறைத்துப் பார்ப்பார் என்பதால் ரவுடி என்று பெயர். உண்மையில் எறும்பை மிதித்தால் நின்று வருத்தப்படுகிற ஆள். ஜாஸ் கச்சேரிக்கு அவர் ஒரே ஒருமுறை போயிருக்கிறார். "வாத்தியத்தைச் சரி பாக்குறாங்க, இனிமேதான் ஆரம்பிப்பாங்கன்னு நெனச்சு உக்காந்திருந்தேன். கைதட்டிட்டு எழுந்து போயிட்டாங்க" என்று சொல்லிச் சிரிப்பார். பல்லக்காவுக்கும் ராக்காரர்கள்மேல் மரியாதை கிடையாது. கிட்டார்ல மூணு கார்டு, மூணே மூணு சுரக்கொத்து, அதை வச்சுக்கிட்டு ஆயுசு பூரா குடும்பம் நடத்துறவங்க என்பாள். ஆக, இரண்டு தரப்பும் ஒன்றையொன்று எட்டிப் பார்க்காமல் சௌக்கியமாக இருந்த காலத்தில்தான் இது நடந்தது.

அந்த வெள்ளிக்கிழமை இடியின் கிட்டாரைப் பெரிதாக ஒலிக்கச்செய்யும் ஆம்ப் பெட்டி, ஒயர் செருகாமலேயே வீறிட்டது. மச்சான் மின்சாரத்தை அணைத்தான். அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. வேறு ஆம்ப் இரவல் வாங்கி மாற்றினார்கள், அதிலும் வந்தது. எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்து, வீட்டில் யாராவது சமீபத்தில் இறந்தார்களா என்று கேட்டுவிட்டுப் போனார். இடி மட்டும் பயப்படவில்லை. சாயங்காலமானால் ஆம்ப் முன்னால் ஒரு மெத்தையைப் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். நாளாக நாளாக மச்சான் அந்தச் சத்தத்துக்கு அடியில் டிரம்ஸைச் சேர்த்தான். இடி தன் கனத்த கார்டுகளை ஒவ்வொன்றாக, தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் தலையணை வைக்கிற மாதிரி வைத்தார். வெளியே மேடைகளிலும் அது கூடவே வந்தது. இத்தனை வருஷம் பேண்டைச் சீந்தாத ஜனங்கள் இப்போது முண்டியடித்தார்கள். இடி கை இரண்டையும் தூக்கிக் காட்டி, "நான் இல்லைங்க, இது நான் வாசிக்கல" என்பார். என்ன அடக்கம் என்று இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

நாலு மாதம் கழித்து, கிடங்கில் மெத்தை ஏற்றி இறக்கும் லிஃப்ட் பாதியில் நின்றது. பழுதுபார்க்க வந்தவர் பல்லக்காவின் புருஷன். லிஃப்ட் குழிக்குள் இறங்கி, கம்பி வடத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருக்கும்போது மேலே அது ஆரம்பித்தது. அவர் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது. கிரீஸ் கையோடு ஏறி வந்து, மெத்தைகளுக்கு நடுவே நின்றுகொண்டு கேட்டார். ஒரு நீண்ட வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன்னால், தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி ஒரு சின்ன மூச்சு.

"இது என் வீட்டுக்காரி" என்றார்.

மச்சான் டிரம்ஸை நிறுத்தினான். "யாரு? இங்க யாரும் பொம்பளைங்க இல்லையே சார்."

"இந்தச் சத்தம்ங்க. சத்தம்தான் என் வீட்டுக்காரி. அவ மூச்சு வாங்குற எடம் எனக்குத் தெரியாதா?" சொல்லிவிட்டு, விற்பனைக்கு வைத்திருந்த புது மெத்தையில் உட்கார்ந்துவிட்டார். கிரீஸ் கறை படிந்ததற்காக இடியின் மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டில் அவர் விஷயத்தைச் சொன்னபோது பல்லக்கா சந்தோஷப்படவில்லை. முகம் சிவந்துவிட்டது. "போயும் போயும் அங்கயா? ஓடிப் போற சத்தம் ஒரு நல்ல எடமாப் பார்த்துப் போகக் கூடாதா?" என்று பொரிந்தாள். மறுநாளே புருஷனையும் கூட்டிக்கொண்டு சாக்ஸபோன் பெட்டியோடு கிடங்குக்குப் போய், காப்பியை மறுத்து, ஆம்புக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊதினாள். எதிரே ஆம்பில் வந்தது. இத்தனை மாதங்களுக்குப் பிறகு தன் சத்தத்தைக் கேட்டாள். தொலைந்த பிள்ளையை அடுத்த தெருவில் யார் வீட்டிலோ சோறு தின்றுகொண்டிருக்கக் கண்ட தாய்க்கு எப்படி இருக்கும்? அடிக்கவும் தோன்றியது, அள்ளிக்கொள்ளவும் தோன்றியது. மச்சானின் டிரம்ஸ் அதன் அடியில் தரையாக ஓடுவதையும், இடியின் மூன்று கார்டு அதற்குச் சுவர் எழுப்புவதையும் அவள் கவனித்தாள். சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு மேலும் எரிச்சல். எழுந்து போய், பிடிவாதக் குழந்தையின் மேல் உட்காருகிற மாதிரி ஆம்பின் மேலேயே ஏறி உட்கார்ந்து ஊதினாள். சத்தம் ஒரு நொடி திணறியது. பிறகு ஆம்பை விட்டு, அவள் சாக்ஸபோனிலேயே புறப்பட்டது.

மச்சான் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். புருஷன் எழுந்து நின்றுவிட்டார். பல்லக்கா கண்ணில் நீர் வழிய, கிடங்கே அதிர ஊதிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த இடி, "ஏம்மா நிறுத்திட்டீங்க? நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு" என்றார்.

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். அவள் கன்னம் உப்பியிருந்தது, விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. இடியின் முகம் கையும் களவுமாகப் பிடிபட்டவன் முகமாக மாறியது.

காது போய் வெகுகாலம் ஆகிவிட்டது என்று பிறகு தலைகுனிந்து சொன்னார். இளவயதில் ஆம்புகளுக்கு முன்னால் நின்றே செலவழித்த காது. டிரம்ஸை உள்ளங்காலால் கேட்டு வாசித்தார். மனிதர்களை வாயைப் பார்த்துக் கேட்டார். அந்த வெள்ளிக்கிழமை வந்த சத்தம்தான் பல வருஷத்தில் அவர் கேட்ட முதல் சத்தம். வேறெதுவும் இன்றுவரை கேட்பதில்லை. முன்பக்கத்திலிருந்து வந்த அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். "கூப்பிட்டா திரும்ப மாட்டாரு. கல்யாணமான எல்லா ஆம்பளைங்களும் அப்படித்தான்னு இருந்துட்டேனே" என்றார்.

இடி தானே ஆம்பைத் தூக்கி, மெத்தை வண்டியில் ஏற்றினார். பல்லக்கா வேண்டாம் என்று வாயைத் திறக்கும் முன்னால், "உங்க பொருள்ம்மா. நான் வச்சிருந்தா திருட்டு. மேல உக்காந்து வாசிங்க, எங்கயும் போகாது" என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் என்ன செய்வதென்று தெரியாதவராக ஒரு மெத்தையைத் தட்டிச் சரிசெய்யத் தொடங்கினார்.

வீட்டில் ஆம்பின்மேல் உட்கார்ந்து அவள் வாசித்தாள். கீழ்வீட்டு அம்மாள் வழக்கம்போலத் துடைப்பக் கட்டையால் தன் வீட்டு உத்தரத்தை இடித்து, எல்லாம் பழையபடி ஆகிவிட்டதைத் தெரிவித்தார். நிலவறை நண்பர்கள் வந்து கட்டிப்பிடித்தார்கள். ஆனால் அவள் வாசிப்பில் இப்போது ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் எதற்கோ காத்து நின்றாள். காத்தது வராமல் மறுபடி தொடங்கினாள். ஒரு சாயங்காலம் பாதியில் நிறுத்தி, "ஏங்க, நல்லா இருக்கா?" என்று கேட்டாள்.

புருஷன் யோசித்தார். "நான் இத்தனை வருஷமாக் கேக்குறேன். ஒருநாள்கூடக் கண்ணை மூடினதில்லம்மா. கீழ விழுந்துருவனோன்னு இருக்கும். அந்த ஆளு எப்படி மூடிக்கிட்டு உக்காந்திருந்தாரு, பாத்தியா?"

அவள் சாக்ஸபோனை மடியில் இறக்கி வைத்தாள். பிறகு ஆம்பை விட்டு இறங்கி, ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஊத ஆரம்பித்தாள். அறையில் சத்தம் இல்லை. கட்டைகள் எழுந்து விழும் ஓசை மட்டும்தான். புருஷன் அவளையும் ஆம்பையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் ஒரு நீண்ட வாக்கியத்தை முடித்து, அந்தச் சின்ன மூச்சை வாங்கும்போது ஃபோன் அடித்தது. மச்சான்.

"அண்ணே, அக்கா வாசிக்கிறாங்களா?" "ஆம்ப் இல்லல்ல, இங்க இரும்பு ஷட்டர் வழியா வருதுண்ணே. ஷட்டரே கதறுது. மாமா கண்ணை மூடிக்கிட்டு உக்காந்துட்டாரு."

"நிறுத்தாதே, வாசி" என்றார் புருஷன் பல்லக்காவிடம். வாழ்நாளில் அவர் அவளுக்குச் சொன்ன ஒரே இசை ஆலோசனை அது.

மறுநாள் ஆம்ப் மெத்தை வண்டியிலேயே திரும்பிப் போனது. அதன்பிறகு தன் சத்தத்தைத் தானே கேட்க வேண்டுமென்றால் பல்லக்கா கிடங்குக்குப் போகவேண்டியிருந்தது. அதனால் தினமும் போனாள். நிலவறை நண்பர்களில் சிலர் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். மற்றவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே வந்து, மெத்தைகளில் சாய்ந்து கேட்டு, அவற்றில் இரண்டொன்றை வாங்கிக்கொண்டும் போனார்கள். ராக் ரசிகர்கள் எங்கே தலையை ஆட்டுவது என்று தெரியாமல் தடுமாறி, ஒரு வருஷத்துக்குள் கற்றுக்கொண்டார்கள். இடி ஒரு நாலாவது கார்டைச் சேர்த்தார். ஆடம்பரம் என்று அவருக்கே கூச்சமாக இருந்தது. பல்லக்கா அவரை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தாள், சாக்ஸபோனில்தான். வாயால் கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. சாப்பிட வா என்பதற்கு ஒன்று, ஆள் வந்திருக்கு என்பதற்கு ஒன்று, சும்மா நலம் விசாரிக்க ஒன்று என்று சின்னச் சின்னத் துணுக்குகள் உண்டாயின. அவற்றை ஊரில் பலரும் அடையாளம் கண்டுகொண்டார்கள். எந்த இரும்பு பக்கத்தில் இருக்கிறதோ அதன் வழியாக அவை இடியை வந்தடைந்தன: தண்ணீர்த் தொட்டி, சைக்கிள் ரிம், சந்தைத் தராசு.

வருஷங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல்லக்கா துணி உலர்த்திக்கொண்டிருக்கும்போது இடியின் மனைவி ஃபோன் செய்தார். "கடைச் சாவியப் பையிலயே போட்டுக்கிட்டுப் பஸ் ஏறிட்டாரும்மா. வாடிக்கைக்காரங்க வாசல்ல நிக்கிறாங்க. கொஞ்சம் ஊதி விடேன்." பல்லக்கா கிளிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, உள்ளே போய் சாக்ஸபோனை எடுத்து, திரும்பி வா என்பதை ஊதினாள். ஊருக்கு வெளியே போய்க்கொண்டிருந்த பஸ்ஸின் கைப்பிடிக் கம்பிகள் எல்லாம் ஒரே சமயத்தில் அலறின. டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். கம்பியைப் பிடித்து நின்றவர்கள் கையை எடுத்து, இடி இறங்க வழிவிட்டார்கள். ஒருவர் அவருடைய பையை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். பஸ் புறப்பட்டது. இடி சாலையைக் கடந்து, எதிர்ப்பக்க நிறுத்தத்தில் திரும்புகிற பஸ்ஸுக்காக நின்றார்.