பக்கத்து ஊர் வானிலை

இருந்தவர்கள்: ராய்ஸ் டெட்டர்மன், வயது அறுபத்து மூன்று, டயர் ஆலைத் தொழிலாளி, கையில் கேபிள் பெட்டி. அவன் மனைவி கோனி, பள்ளிச் சமையலறையில் வேலை, பையில் ரிமோட்டும் ஒயர்களும். கவுண்டரில் டானிஷா. அவர்களுக்குப் பின்னால், இதேபோல் ஒரு பெட்டியுடன் நான்.

1

இந்தக் கதை எனக்கு வரிசையில் கிடைத்தது. அமெரிக்காவில் ஒஹையோவின் ஃபிண்ட்லே ஊர், கேபிளை நிறுத்துகிறவர்கள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் அலுவலகம், வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணி. ஐந்துக்குப் பூட்டிவிடுவார்கள். அவர்கள் பேசியதைக் கேட்டேன். ராய்ஸின் மனதில் ஓடியதாக எழுதுவதெல்லாம் என் சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ராய்ஸ் டெட்டர்மன் சிக்கனமானவன், ஆகவே

இல்லை. கணக்குப் பார்த்தவள் கோனி.

2

மூன்று வாரத்துக்கு முன், ஞாயிற்றுக்கிழமை. கேபிள் கட்டணம் இருநூறு டாலரைத் தாண்டியிருந்தது. கோனி ஒரு தாளில் மூன்று இணைய டிவி சேவைகளை எழுதிக் கோடு போட்டாள். முதலாவது மலிவு, ஆனால் ஃபுட்பால் இல்லை. இரண்டாவதில் எல்லாம் உண்டு, விலை கேபிளைத் துரத்திக்கொண்டு வந்தது. மூன்றாவது அறுபது டாலர்.

"உனக்கு எந்தெந்த சேனல் வேணும்? இப்பவே சொல்லிடு. அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத."

"நியூஸ் வந்தா போதும்."

மூன்றாவதுக்கு டிக் அடித்தாள். அந்த வாரச் சனிக்கிழமை ஃபுட்பால் போட்டுச் சோதித்தார்கள். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் சனிக்கிழமை ஃபுட்பால் போட்டுத்தான் சோதிப்பார்கள். வெள்ளிக்கிழமை மதியச் செய்தியைப் போட்டுப் பார்த்தவர் எவரும் இல்லை.

3

ராய்ஸுக்கு வேலை இரண்டாம் ஷிப்ட், பிற்பகல் மூன்றிலிருந்து; பெட்டியைத் திருப்பிக் கொடுக்க இன்று லீவு போட்டிருந்தான். மதியம் வீட்டில் அவன் மட்டும். பன்னிரண்டு மணிக்கு சாண்ட்விச்சோடு உட்காருவான். முப்பது மைல் தள்ளியிருக்கும் லைமாவின் சேனலில் செய்தி வரும். செய்தியில் வானிலை சொல்பவள் மெரிடித். அவன் மகள். இருவரும் பேசி இரண்டு வருடம்.

[சண்டைக்கான காரணத்தை மூன்று முறை எழுதினேன். கல்யாணம், கடன், நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் வாய் தவறிய ஒரு சொல். ஒவ்வொன்றும் யாராவது ஒருவரைக் குற்றவாளி ஆக்கியது. மூன்றையும் அடித்துவிட்டேன்.]

கேபிளில் லைமா, டொலிடோ என்று பக்கத்து ஊர்கள் இரண்டின் சேனல்களும் வந்தன; நேற்றுவரை மதியத்தில் அவன் பார்த்தது கேபிளைத்தான். புதிய சேவை வீட்டு முகவரியின் அஞ்சல் குறியீட்டு எண்ணைப் பார்த்துச் சேனல் தருகிறது. ஃபிண்ட்லேயின் எண் டொலிடோவோடு சேர்ந்தது. லைமா வராது. இன்று மதியம் மெரிடித் நிற்கவேண்டிய நேரத்தில் ஒரு மீசைக்காரன் நின்று டொலிடோவின் மழையைச் சொன்னான். பெட்டி அதற்குள் அட்டையில் கட்டியாகிவிட்டது.

ஃபோனில் தேடிப் பார்க்கலாமே என்பீர்கள். பார்க்கலாம். ஆனால் டிவியில் அவள் தானாக வந்து நின்றாள். இவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். ஃபோனில் என்றால் இவன் அவளைத் தேடியதாக ஆகிவிடும். (ராய்ஸ் இப்படி நினைப்பானா என்று எனக்குச் சந்தேகம்தான். பெட்டியை அவன் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தபின் சந்தேகம் குறைந்தது.)

4

"எதுக்கு எங்கள விட்டுட்டுப் போறீங்க? ஒரு காரணம் போடணும்," என்றாள் டானிஷா.

"விலைதான். வேற என்ன, உன் மூஞ்சி பிடிக்காமயா?" என்றாள் கோனி.

"அதுக்கும் ஒரு கட்டம் இருக்கும்மா. போடவா?" டானிஷா சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். "முப்பத்தஞ்சு டாலருக்கு டொலிடோ, லைமா சேனல் மட்டும் தரலாம். அப்படின்னா பெட்டி உங்ககிட்டயே இருக்கும்."

"அறுபதுக்கு மேல முப்பத்தஞ்சா? வேண்டாம். ராய்ஸ், பெட்டிய விடு."

அவன் விடவில்லை.

"ராய்ஸ்."

"டொலிடோக்காரனுக்கு மழையே சொல்லத் தெரியல."

கோனி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "நீ அவளப் பாக்குறியா?"

"சாப்பிடும்போது ஓடும்."

"எத்தன நாளா?"

"அவ வேலைல சேந்ததுல இருந்து."

"நான் ஞாயித்துக்கிழம தோறும் அவகூடப் பேசுறேன். நீ கராஜுக்குப் போய் ஒளிஞ்சுக்கிற. இங்க வந்து பெட்டியக் கட்டிப் பிடிச்சுட்டு நிக்கிற. மடையா!"

கோனி தன் ஃபோனை எடுத்து மெரிடித்தின் எண்ணை அழுத்தி, பெட்டியின் மேல் வைத்தாள். மணி போய்க்கொண்டிருந்தது.

5

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் ராய்ஸ் முப்பத்தைந்து டாலர் கட்டி மதியச் செய்தியைக் காப்பாற்றிக்கொள்கிறான். எளிதாக எழுத வந்தது, ஆனால் நாளைக்கும் அவன் தனியாகத்தான் சாப்பிடுவான். இன்னொன்றில் மெரிடித் "அப்பா" என்கிறாள், அவன்

அதை என்னால் முடிக்க முடியவில்லை. நான் பார்த்தது இதுதான்:

ராய்ஸ் பெட்டியை விட்டான். ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தான்.

"இத நான் எடுத்துக்கவா, வேண்டாமா?" என்றாள் டானிஷா.

"இரும்மா," என்றாள் கோனி.

வாகன நிறுத்தத்தில் அவன் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். அந்தப் பக்கம் எடுத்தார்களா, எடுத்தால் யார் முதலில் பேசினார்கள் என்பதை நீங்கள் முடிவுசெய்துகொள்ளுங்கள். மணி ஐந்து. டானிஷா சாவியோடு வந்து, அவன் திறந்தபடி விட்டுப்போன கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.